வகுப்பில் விளையாட்டு வைத்தும் பாடம் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். பாடம் சுவையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பயிற்சியில் கேட்டதை அப்படியே வகுப்பில் செய்து பார்த்தால் பாதி நாள் சொதப்பிவிடும். இரண்டு முறை சொதப்பியதும் "இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்துவராது" என்று பல ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். கெட்டிருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன இடம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மீதியெல்லாம் நன்றாகவே ஓடும்.

கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் கருவி ஒரு துண்டுத் தாளும் பென்சிலும்தான். வகுப்பில் விளையாட்டு நடக்கும்போது ஒரே ஒரு பிள்ளையை ஐந்து நிமிடம் கவனியுங்கள். முன்வரிசைக் கெட்டிக்காரப் பிள்ளை வேண்டாம். நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை போதும். அந்தப் பிள்ளை பாடத்தை யோசிக்க வேண்டி வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். சிரித்தது, கைதட்டியது, எழுந்து ஓடியது எதுவும் கணக்கில் வராது. அந்தக் கணக்கோ சொல்லோ காரணமோ அதன் மண்டைக்குள் ஓடியிருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இந்தக் கோட்டுக் கணக்கை எடுத்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்கு ஒரே குதூகலம், மறுநாள் கேட்டால் முழிக்கிறார்கள்

அதிகம் வரும் கோளாறு இது. ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் எடுத்தபோது எனக்கும் வந்தது. சார்ட் அட்டையில் 100 கட்டம் போட்டுப் பாம்பும் ஏணியும் வரைந்து, 20 கட்டங்களில் கூட்டல் கணக்குகளை எழுதினேன். இரண்டு இரவு வேலை. அன்று வகுப்பே அதிர்ந்தது. மறுநாள் −7 + 3 எவ்வளவு என்று கேட்டேன். பாதிப் பேர் −10 என்றார்கள்.

கோட்டுக் கணக்கு எடுத்தபோது காரணம் புரிந்தது. ஆறு பேர் குழுவில் ஒரு பிள்ளைக்கு முறை வருவதற்கே இரண்டு நிமிடம் ஆனது. 20 நிமிடத்தில் பத்து முறை. ஐந்தில் ஒரு கட்டத்தில்தான் கணக்கு இருந்தது என்பதால், ஒரு பிள்ளைக்குச் சராசரியாக இரண்டே கணக்குகள். அதையும் குழுவில் வேகமான பையன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். யார் ஜெயிப்பது என்பதைப் பகடைதான் முடிவு செய்தது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. பாடம் சுத்தமாகத் தெரியாத பிள்ளை இந்த விளையாட்டில் ஜெயிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் விளையாட்டை மாற்றத்தான் வேண்டும்.

நான் மாற்றியது இப்படி. இரண்டு பேருக்கு ஒரு கை புளியங்கொட்டை, ஒரு கை சின்னக் கல். கொட்டை ஒன்றுக்கு +1, கல் ஒன்றுக்கு −1. ஒருவர் இரண்டிலும் கொஞ்சம் அள்ளித் தரையில் பரப்புவார். மற்றவர் தொடாமலே மொத்தம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு கொட்டையையும் ஒரு கல்லையும் ஜோடி சேர்த்து ஒதுக்கி இருவருமாகச் சரிபார்ப்பார்கள். ஜோடி சேர்ந்தால் பூஜ்யம், மிஞ்சியதுதான் விடை. ஏழு கல்லும் மூன்று கொட்டையும் கிடந்தால் நான்கு கல் மிஞ்சுவது கண்ணெதிரே தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குப் பத்துக் கோடாவது விழுகிறது.

இதே கொட்டையும் கல்லும் கழித்தலுக்கும் ஆகும். −3 − (−5) என்ற கணக்கில் பிள்ளைகள் தடுமாறுவது வழக்கம். தரையில் மூன்று கல்தான் இருக்கிறது, ஐந்து கல்லை எப்படி எடுப்பது? "பூஜ்யத்தைச் சேர்த்தா மதிப்பு மாறுமா?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒருத்தி இரண்டு ஜோடியைக் கொண்டுவந்து வைப்பாள். இப்போது ஐந்து கல், இரண்டு கொட்டை. ஐந்து கல்லையும் எடுத்துவிட்டால் +2. "கடனைத் தள்ளுபடி பண்ணா வரவு மாதிரிதான் டீச்சர்" என்று ஒரு பிள்ளை தானாகவே சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழித்தல் கழித்தல் கூட்டல் என்று வருடக்கணக்கில் மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்தேன்.

மொழிப் பாடத்துக்கும் இதே வழி எடுபடுகிறது. எங்கள் தமிழாசிரியை ல, ள, ழ வேறுபாட்டுக்குச் சீட்டுகள் வைத்திருக்கிறார். வால், வாள், வாழ் என்று ஒரு கட்டு. தலை, தளை, தழை என்று இன்னொரு கட்டு. ஒருவர் ஒரு சீட்டைப் பார்த்து உச்சரிக்க, எதிரில் இருப்பவர் தன் சீட்டுகளில் அதையே எடுத்துக் காட்ட வேண்டும். சரியாக உச்சரித்து, சரியாகக் கேட்டால்தான் ஜோடிக்கு மதிப்பெண். இரண்டு பேருக்குமே ஒவ்வொரு முறையும் கோடு விழும்.

நாலு பேர் விளையாட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

வினாடி வினா, முதலில் கை தூக்குபவருக்கு வாய்ப்பு, தப்பாகச் சொன்னால் வெளியே. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். தப்பாகச் சொல்லும் பிள்ளைக்குத்தான் அதிகப் பயிற்சி தேவை. அந்தப் பிள்ளையை முதலில் வெளியே அனுப்பும் விளையாட்டை வகுப்பில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் விடை காட்டும்படி மாற்றுங்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் சுவரின் அடிப்பாகத்தில் கரும்பலகை அமைத்தார்கள். தரையில் உட்கார்ந்த உயரத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத இடம் கிடைத்தது. அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உயர் வகுப்புகளில் அது இல்லை என்றால் சிலேட்டு போதும். வெள்ளைத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலும் மார்க்கரால் எழுதித் துணியால் துடைக்கலாம். கேள்வி கேட்டு, அரை நிமிடம் விட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, காட்டு" என்றால் நாற்பது விடைகள் எதிரே நிற்கும். யாருக்கு வரவில்லை என்பது உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், இரண்டு பேர் ஆடும் விளையாட்டுகளைத் தேடுங்கள். பல்லாங்குழிக்குப் பலகையே வேண்டாம், சாக்பீஸால் தரையில் 14 வட்டம் போட்டால் ஆயிற்று. குழிக்கு ஐந்து வைத்தால் மொத்தம் 70 கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனால் கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்பதை அள்ளும் முன்பே சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். வகுத்தல் எடுக்கும் நாளில் 17 கொட்டையை ஐந்து குழிகளுக்குச் சமமாகப் போடச் சொல்லுங்கள். குழிக்கு மூன்று, கையில் இரண்டு. மீதி என்ற சொல்லுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கூச்சல் தாங்கவில்லை, பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் நிற்கிறார்

கூச்சலில் இரண்டு வகை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேளுங்கள். "இல்லடா, கல்லுதான் ஜாஸ்தி, அப்ப மைனஸ்தான் வரும்" என்று சண்டை போட்டால் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பின்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். "என்ன பண்ணணும்?", "எனக்குக் கொட்டை வரல", "அவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்று கேட்டால் நீங்கள் விளக்கிய விதத்தில்தான் கோளாறு.

பொருளைக் கையில் கொடுத்துவிட்டு விதியைச் சொன்னால் யார் காதிலும் விழாது. முதலில் விதி, மூன்று வாக்கியத்துக்குள். பிறகு ஒரு ஜோடியை முன்னால் கூப்பிட்டு ஒரு முறை ஆடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பிள்ளை விதியைத் திருப்பிச் சொல்லட்டும். கடைசியில்தான் கொட்டை. நிறுத்துவதற்கு ஒரு கைதட்டுத் தாளம் வைத்துக்கொண்டு, விளையாட்டே இல்லாத ஒரு நாளில் இரண்டு மூன்று முறை பழக்கிவிடுங்கள்.

"இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு டீச்சர்"

எட்டாம் வகுப்புக்கு மேல் இது வரும். அவர்கள் சொல்வது நியாயம்தான். பதினான்கு வயதுப் பிள்ளையைப் பாட்டுப் பாடி ஆடச் சொன்னால் கூச்சப்படத்தான் செய்யும். அந்த வயதுக்குப் பிடிப்பது புதிரும் பந்தயமும், பெரியவர்கள் நம்பும் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதும்.

ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுக்கு நான் தாயக்கட்டை கொண்டுபோவேன். வீட்டில் பாட்டியுடன் தாயம் ஆடிய பிள்ளைகள் எப்படியும் நாலைந்து பேர் இருப்பார்கள். தாயம், அதாவது இரண்டு கட்டையும் சேர்ந்து ஒன்று, போடாமல் காயை இறக்க முடியாது, அது விழவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஏன்? இதுதான் அன்றைய கேள்வி.

இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு பக்கம். எல்லாரும் முதலில் தாளில் ஊகத்தை எழுத வேண்டும்: எந்த எண் அதிகம் விழும், எது குறைவாக விழும்? பிறகு ஜோடி ஜோடியாக உருட்டிக் குறிக்க வேண்டும். கட்டை இல்லாத ஜோடிக்கு 0 முதல் 3 வரை எழுதிய சீட்டு இரண்டு கட்டு. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சீட்டைப் பார்க்காமல் எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். இருபது ஜோடிகள், ஜோடிக்கு 40 முறை, மொத்தம் 800. எண்ணிக்கையைப் பலகையில் சேர்க்கும்போது தாயம் 100 தடவைக்கு அக்கம்பக்கமாக வந்து நிற்கும்.

அதன் பிறகு சாத்தியங்களை எழுதிப் பார்க்கச் சொல்வேன். நான்கு பக்கத்துக்கு நான்கு பக்கம், மொத்தம் 16. கூடுதல் ஒன்று வருவது (0, 1), (1, 0) என்று இரண்டே வழிகளில். அதாவது எட்டில் ஒரு பங்கு. மூன்று விழ நான்கு வழிகள் இருப்பதால் அதுதான் அதிகம் விழும். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் கிடைக்கும் பன்னிரண்டுக்கு 16-இல் ஒரே ஒரு வழி. ஆறுக்கும் அப்படியே, மூன்றும் மூன்றும் விழுந்தால்தான் உண்டு. ஆட்டத்தில் மதிப்பு அதிகமான இரண்டும் ஏன் அபூர்வமாக விழுகின்றன என்று பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அதற்கப்புறம் யாரும் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்பு அடுக்குகளுக்கு ஒரு தாள் போதும். 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்புக்கும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் எத்தனை மடிப்பில் நிலாவைத் தொடும் என்று கேளுங்கள். லட்சம், கோடி என்றெல்லாம் சொல்வார்கள். 42 மடிப்பில் சுமார் 4,40,000 கிலோமீட்டர் வருகிறது. நிலா இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில். முதலில் ஊகத்தை எழுதி வாங்குவதுதான் இதில் முக்கியம். எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு விடை தன் சொந்த விஷயமாகிவிடுகிறது.

சோதனையை ரசித்தார்கள், தப்பான காரணத்தைக் கற்றுக்கொண்டார்கள்

இந்தக் கோளாறு வெளியே தெரியாது. வகுப்பு அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கும், கோடுகளும் நிறைய விழும். அதனால்தான் இதைப் பற்றி எனக்கு அதிகம் கவலை.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணாடி டம்ளரால் மூடும் சோதனையை எல்லாரும் செய்திருப்போம். மெழுகுவத்தி அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்பியது" என்று நானும் சில வருடம் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம், சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதுதான்.

இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே பிடிக்கட்டும். முதலில் ஒரு மெழுகுவத்தி. தண்ணீரில் ஒரு துளி மை விட்டுக்கொண்டால் நன்றாகத் தெரியும். ஏன் ஏறியது என்று கேட்டால் ஆக்சிஜன் கதையைச் சொல்வார்கள். சரி என்று கேட்டுக்கொண்டு, அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்தி வைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். டம்ளர் அதேதான், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவுதான், ஆகவே தண்ணீரும் அதே உயரம்தான் ஏற வேண்டும். செய்து காட்டுங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

பிறகு மறுபடியும் செய்து, டம்ளரைக் கவிழ்க்கும் நேரத்தில் விளிம்பை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுவது கண்ணுக்குப் படும். தண்ணீர் விறுவிறுவென்று ஏறுவது சுடர் அணைந்த பிறகுதான் என்பதையும் ஒரு பிள்ளையாவது கவனித்துச் சொல்லும். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கொட்டிவிட்டு, மூடியை இறுக்கி மூடி வையுங்கள். உள்ளே இருந்த நீராவியும் சூடான காற்றும் ஆற ஆற, பாட்டில் ஒடுங்கிப் போகும். இங்கே நெருப்பும் இல்லை, எரிந்த ஆக்சிஜனும் இல்லை. இந்த மூன்றையும் கோத்துக் காரணத்தை எழுதச் சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது. நெருப்பை மட்டும் நீங்களே கையாளுங்கள், பின்னலையும் துப்பட்டாவையும் ஒதுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

எந்தச் சோதனையானாலும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்: பிள்ளைகள் சொன்ன காரணம் உண்மையென்றால் வேறு எது நடக்க வேண்டும் என்று கேட்டு, அதையும் செய்து பார்த்துவிடுவது.

"ஜெயிச்சா என்ன தருவீங்க?"

சாக்லேட் கொடுத்துப் பழக்கியிருப்பீர்கள். நானும் கொடுத்திருக்கிறேன். 1973-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதில் என் மனதை மாற்றியது. படம் வரைய ஆசைப்படும் மழலைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில், வரைவதற்கு அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். ஆசைப்பட்டுச் செய்துகொண்டிருந்தது கூலி வேலை போல ஆகிவிட்டது.

ஒரேயடியாக நிறுத்தினால் முகம் தொங்கிப்போகும். முதலில் ஜெயித்த ஆளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு வகுப்புக்கே பொதுவாக ஏதாவது செய்யுங்கள். அடுத்த மாதம் அதையும் விட்டுவிட்டு, அடுத்த விளையாட்டுக்கு விதி எழுதும் உரிமையைக் கொடுங்கள். என் வகுப்பில் இப்போது அதற்குத்தான் போட்டி.

சிலருக்கு ரொம்பச் சுலபம், சிலருக்கு ஒன்றும் புரியவில்லை

தொடக்கப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே தாள் என்றாகிவிடுகிறது. விளையாட்டு ஒன்றாகவே இருக்கட்டும், எண்ணை மட்டும் மாற்றுங்கள். கொட்டை, கல் ஆட்டத்தில் ஒரு ஜோடி ஐந்துக்குள் ஆடும், இன்னொரு ஜோடி கொட்டையே இல்லாமல் மனதில் −38 + 15 போடும். யார் எந்த நிலை என்று சத்தமாகச் சொல்லாதீர்கள்.

போர்ஷன் முடியவில்லை

விளையாட்டைப் பாடத்துக்கு மேல் கூடுதலாக வைத்திருப்பீர்கள், அதனால்தான். புளியங்கொட்டையில் ஒரு பிள்ளை இருபது கணக்கு போட்டுவிட்டது என்றால் பயிற்சிக் கணக்கில் முதல் இருபதை விட்டுவிடலாம், கடினமான நான்கை மட்டும் எழுதினால் போதும். 40 நிமிடப் பீரியடில் விளையாட்டுக்கு 12 நிமிடத்துக்கு மேல் நான் ஒதுக்குவதில்லை. தினமும் வைப்பதும் இல்லை. பிள்ளைகள் வருடா வருடம் தடுமாறும் இடங்கள் ஒரு பாடத்துக்கு இரண்டு இருக்கும். அந்த இரண்டுக்கு மட்டும் யோசித்து வையுங்கள். சில பாடங்களுக்கு நன்றாகக் கதை சொன்னாலே போதும்.

வகுப்பில் நன்றாகச் செய்கிறார்கள், தேர்வில் மதிப்பெண் வரவில்லை

கையில் கொட்டை இருக்கும்போது வருகிறது, வினாத்தாளில் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. நான் அதை மூன்று நாளாகப் பிரிக்கிறேன். முதல் நாள் கொட்டையும் கல்லும். இரண்டாம் நாள் கொட்டைக்குப் பதில் நோட்டில் வட்டமும் கோடும் வரைவது. மூன்றாம் நாள் வெறும் எண்ணும் குறியும். அவசரப்பட்டு முதல் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குத் தாவினால் பின்வரிசை அப்படியே நின்றுவிடும்.

விளையாட்டு முடிந்ததும் பீரியடின் கடைசி ஐந்து நிமிடத்தை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சீட்டில் ஒரு கணக்கும், அது ஏன் அப்படி வந்தது என்று ஒரு வாக்கியமும். மதிப்பெண் போட வேண்டாம். மணி அடித்ததும் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு, மதிய இடைவேளையில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வந்துவிட்டது, பாதி வந்தது, வரவில்லை. மறுநாள் பீரியட் தொடங்கியதும் அந்த நடுக்குவியலிலிருந்து ஒரு சீட்டை, பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, "இதுல எங்க தடுக்கி விழுந்திருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். நோட்டைத் திறக்காமல், சிலேட்டில், நாற்பது பேரும்.